நேரடி ஒலிபரப்பு

ரொசாரியோ ஜாஸ் பேண்டைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. அதில் வருடக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்த ஹெலன் சவரிமுத்துவைத்தான் யாருக்கும் தெரியாது. இசைத்தட்டுகளில்கூட அவள் பெயர் இல்லை.

அன்று வானொலியில் நேரடி ஒலிபரப்பு.

"இன்னிக்காவது அறிவிப்பாளர்கிட்ட எம்பேரச் சொல்லச் சொல்லுங்க, சார்."

"ஜனங்க கேக்கறது பேண்டை, ஹெலன். நீ பாடிட்டுப் போய் உக்காரு," என்றார் பேண்டின் தலைவர் ரொசாரியோ, கழுத்து டையைச் சரிசெய்தபடி.

சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டின் நடுவில், அர்த்தமில்லாத சத்தங்களை வாய்க்கு வந்தபடி பாடும் இடம் வந்தது. வழக்கமாக 'டூபி டாபா' என்பாள். இன்று 'சவரி சவரி முத்து, ஹெலன் சவரிமுத்து' என்று எடுத்தாள். உச்சிக்கு ஏற்றினாள், அடிவயிற்றுக்கு இறக்கினாள், திரும்பவும் ஏற்றினாள். ரொசாரியோ நிறுத்தச் சொல்லிக் கையை வீசினார். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினாள். வாத்தியங்களை நிறுத்தினால் ஊருக்கே அவள் குரல் மட்டும்தான் கேட்கும். அது அவருக்கும் தெரியும்.

பின்வரிசையில் டிரம்பெட்காரர் எழுந்தார். அவள் பெயரை அப்படியே, ஒரு எழுத்துகூடச் சிதறாமல், டிரம்பெட்டில் திருப்பி வாசித்தார்.

ஹெலன் சிரித்தாள். மைக்கை விட்டு நகராமல், தாளம் தப்பாமல், அவரைப் பார்த்துப் பாட்டாகவே கேட்டாள்: "உங்க பேரு?"