பத்து வருஷக் கரி

“முருகன் முன்னூறு ரூபா. ஆனா அது உனக்கு வேணாம்” என்றார் ஹயாத் பாஷா.

ஆம்பூர் பஜாரில் இருபது வருஷமாகப் படங்களுக்குக் கண்ணாடி போடுகிறவர். எந்த மதத்துச் சாமி வந்தாலும் அவர் கடையில் ஒரே ஆணி, ஒரே பசை.

“ஏன் பாய்?” என்றார் சாமுவேல்.

“புதுசு பளபளன்னு இருக்கு. நேத்து வந்த பக்தின்னு காட்டிக் குடுத்துடும். இதப் பாரு.” உள்ளேயிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து வந்தார். கண்ணாடியில் குங்குமத் தீற்றல், ஓரமெல்லாம் கற்பூரப் புகை. “பத்து வருஷக் கரி. விக்கிறதுக்கு இல்ல. நாள் வாடகை நூறு.”

“ஜாஸ்தி பாய். எண்பது வெச்சுக்கோங்க.”

“அப்ப ரெண்டு வருஷக் கரியத் தொடச்சிட்டுத் தரட்டா? நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள படம் கடைக்கு வந்துடணும். அடுத்த பார்ட்டி காத்துக்கினு இருக்கு.”

நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு நோட்டில் பெயரை எழுதிக்கொண்டார்.

சாமுவேலுக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. பதினோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் சர்ச். காகிதத்தில் மட்டும் அவர் இன்னும் சம்பத், இந்து, எஸ்.சி. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் மகள் நிஷாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை வந்தது. வந்த வாரமே யாரோ ஒரு புண்ணியவான் தாலுகா ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான்: ‘இது சர்ச்சுக்குப் போகிற குடும்பம்.’ உண்மை என்று தெரிந்தால் எஸ்.சி. சான்றிதழ் ரத்து, வேலையும் ரத்து. வீட்டைப் பார்க்க நாளைக் காலை வருவாய் ஆய்வாளர் வருகிறார்.

வீட்டில் செண்பகம் சுவரிலிருந்த சிலுவையைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். “ஏசப்பா, ஒரே ஒரு நாள். மூச்சப் புடிச்சிக்கோ” என்றாள். அதே ஆணியில் சாமுவேல் முருகனை மாட்டினார்.

நிஷாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “அரசாங்கத்துக்கு மதம் கிடையாதுன்னு பள்ளிக்கூடத்துல எழுதித்தானே பா மார்க் வாங்கினேன்!”

“அரசாங்கத்துக்குக் கிடையாதும்மா. நமக்கு இருக்கான்னு பாக்கத்தான் ஆளு வருது.”

“கம்பெனியில நீ தோல் தூக்கும்போது எவனும் இன்னா மதம்னு கேக்கல பா. வேலை குடுக்கும்போது மட்டும் கேக்கறாங்க.”

“மெதுவாப் பேசு. கடுதாசி போட்டவன் பக்கத்து வீடா, எதிர் வீடா, யாருக்குத் தெரியும்?”

அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆய்வாளர் அருணகிரி வந்தார். ஒல்லியான ஆள். நெற்றியில் மூன்று விரல் விபூதி, நேர்கோடு போட்டு அடித்த மாதிரி.

“சம்பத் நீங்கதானே? குலதெய்வம்?”

“எல்லையம்மன் சார்.”

“பொங்கல் வெச்சீங்களா?”

சாமுவேல் செண்பகத்தைப் பார்த்தார். “போன ஆடியில வெச்சோம் சார்” என்று செண்பகம் முந்திக்கொண்டாள்.

அருணகிரி எழுதிக்கொண்டார். எழுந்து முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். நின்றவர் நகரவில்லை.

“இந்தப் படம் எத்தனை வருஷமா இருக்கு?”

“ப... பத்து வருஷம் சார்.”

“அப்படியா?” உதட்டோரம் லேசாக வளைந்தது. படத்தின் கீழ்ப்பக்கத்தைத் தூக்கிப் பின்புறம் பார்த்தார். அங்கே ஹயாத் கடை ஸ்டிக்கர். அதைவிடப் பெரிய வினை கீழே இருந்தது. சுவர் முழுக்க மங்கிப்போயிருக்க, சிலுவை தொங்கிய இடம் மட்டும் புது நீலமாக இருந்தது. அந்தச் சிலுவைத் தடத்தின் தலையையும் கைகளையும் முருகன் மறைத்துவிட்டார். கால் மட்டும் படத்துக்குக் கீழே நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

நிஷா அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆணிய நாலு விரக்கடை கீழ அடிச்சிருக்கணும்” என்றார் அருணகிரி, திரும்பாமலே. ஃபைலை மூடினார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. “ரிப்போர்ட்டை நாளைக்கு அனுப்பறேன்.”

பைக் சத்தம் தெருமுனையில் தேயும் வரை மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

நான்கு மணிக்கே சாமுவேல் படத்தோடு பஜாருக்கு ஓடினார். “எல்லாம் போச்சு பாய். பாத்துட்டாரு. ஆணிய நாலு விரக்கடை கீழ அடிக்கணுமாம், கிண்டல் வேற. எம்பொண்ணு வேலை போச்சு.”

ஹயாத் பாஷா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கரி கலையாமல் இருக்கிறதா என்று பார்த்தார். “பேஜார் ஆவாத. அடுத்த பார்ட்டி வீட்டுக்கும் நாளைக்கு விசாரணைக்கு ஆளு வருது. அவரு மேலயும் உன்ன மாதிரியே மொட்டைக் கடுதாசிதான். மூணு தடவை வந்தாங்க, மூணு தடவையும் தப்பிச்சாரு.”

“எப்படி பாய்?”

“சரியான இடத்துல மாட்டத் தெரிஞ்ச மனுஷன்.”

சொல்லிக்கொண்டே நோட்டைத் திறந்து சாமுவேலின் வரியை அடித்தார். அதற்குக் கீழ் வரியில் சாமுவேலின் கண் போய் விழுந்தது.

‘அருணகிரி, ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ். முருகன், ஒரு நாள், நாலாவது தடவை. பழைய வாடகை முன்னூறு பாக்கி.’