பேஸ் கிட்டார் ஆம்ப் பார்க்கப் போனது

ஒரு பேஸ் கிட்டாருக்குப் பத்து நாளில் கல்யாண மண்டபத்தில் கச்சேரி. தன் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க ஒரு ஆம்ப் தேடி, கடையில் நிலைகொள்ளாமல் அலைந்தது.

சின்ன ஆம்ப் ஒன்று மரியாதையாகச் சொன்னது: “வீட்டில் என்னில் ஹெட்போன் மாட்டிப் பழகுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. மண்டபத்தில் அங்கிருக்கும் ஸ்பீக்கரோடு என்னை இணைத்தால் போதும்.”

“அதெல்லாம் சரி. மேடையில் நீ டிபன் பாக்ஸ் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?”

“பார்க்கவா வருகிறார்கள்?”

“வாய் வேறு நீளமா உனக்கு?” என்று கிட்டார் நகர்ந்தது. ஆறு முறை கடையைச் சுற்றியது. இரண்டு முறை சின்னதிடமே திரும்பியும் வந்தது. கடைசியில் பீரோ உயரத்துக்கு நின்ற ஒரு ஆம்ப்பைக் கூட்டிக்கொண்டு போனது.

அதில் ஹெட்போன் மாட்ட இடமே இல்லை. வீட்டில் ஒரு கம்பியைத் தொட்டதுமே மாடி வீட்டுக் குழந்தை வீறிட்டது.

“இனி எப்படிப் பழகுவேன்?” என்று கிட்டார் பதறியது.

“எனக்கென்ன தெரியும்? உயரத்தைப் பார்த்துத்தானே என்னை எடுத்தாய்?” என்றது பெரியது.

பழகாமலே கச்சேரி நாள் வந்துவிட்டது. மேடையில் பெரிய ஆம்ப்பை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கிட்டார் முதல் பாட்டிலேயே தடுமாறியது. பெரிய ஆம்ப் தன் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒவ்வொரு தப்பையும் பந்தி நடக்கிற இடம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.