வெள்ளி விழாக் கமிட்டி

"புலிதான் வேணும்" என்றார் ஹெர்பர்ட். "வாசல் அலங்கார வளைவு மேல எருமையை நிறுத்தினா, ஏதோ பால்பண்ணைன்னு நெனச்சுப்பாங்க, மிஸ் யூனிஸ்."

யூனிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"எருமை இல்ல சார், காட்டெருமை. புலி எல்லா சர்க்கஸ் நோட்டீஸ்லயும்தான் இருக்கு."

வன அலுவலகத்தின் பின்புறம், தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, பியூனைத் தவிர எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். மரம் பூத்திருந்த சமயம். இளஞ்சிவப்புப் பூக்கள் பஞ்சு மாதிரி மேசைமேல் விழுந்துகொண்டிருந்தன.

ஹெர்பர்ட் அந்த அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட். மனைவியை இழந்தவர். யூனிஸ் பெங்களூர் அல்சூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர்.

மைசூருக்கு அப்பால் இருக்கும் வனவிலங்குப் பூங்காவுக்கு வெள்ளி விழா எடுக்கலாம் என்று முடிவானபோது, படம் போடவும் போர்டு எழுதவும் ஆள் வேண்டுமே என்று அவளையும் கமிட்டியில் சேர்த்திருந்தார்கள். மற்றவர்கள் டீ குடிக்கவும் அபிப்பிராயம் சொல்லவும் வந்தார்கள். வேலை முழுக்க இந்த இரண்டு பேர் தலையில் விழுந்தது.

அதில் இருவருக்கும் வருத்தமில்லை.

ஜோகுபாளையத்து வீட்டில் அண்ணி கேட்பாள், "இன்னுமா முடியல உங்க மீட்டிங்?"

"இழுத்துக்கிட்டே போகுது அண்ணி" என்று சொல்லிவிட்டு, யூனிஸ் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அண்ணன் வீட்டில் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. சாப்பாடு, துணி, ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகக் கோயிலுக்குப் போவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது. நாற்பது வயதைத் தாண்டியவளுக்கு இது போதும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் நினைத்திருந்தாள்.

ஆனால் வளைவில் எதை நிறுத்துவது என்று அவளோடு சண்டை போட அந்த வீட்டில் யாரும் இல்லை.

ஹெர்பர்ட் ஒரு காகிதத்தில் புலியை வரைந்து காட்டினார். அது பூனை மாதிரி இருந்தது. அவள் அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கி, மீசையைத் திருத்தி, முதுகை வளைத்து, வாலைத் தூக்கிவிட்டாள். புலி எழுந்து நின்றது.

"பாத்தீங்களா, உங்களுக்கே புலிதான் வருது" என்றார் அவர் வெற்றிச் சிரிப்போடு.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

"அண்ணனுக்கு மாத்தலாயிடுச்சு. பெரம்பூருக்கு. பரீட்சை முடிஞ்சதும் வீட்டைக் காலி பண்றாங்க. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு நீயும் வந்துடுன்னு சொல்றார்."

ஹெர்பர்ட் காகிதத்தைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"அப்போ..." என்றார். "அப்போ வளைவை யாரு பாத்துக்கறது?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. இந்த மனிதருக்கு இப்படித்தான் கேட்கத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் பியூன் சின்னப்பா டீயோடு வந்தான். இரண்டு கிளாஸையும் மேசைமேல் வைத்தான். போகவில்லை. புலிப் படத்தையும் அவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். ரொம்ப நாளாகவே கேட்க நினைத்தவன் போலத் தலையைச் சொறிந்தான்.

"சார், தப்பா நெனக்காதீங்க. வெள்ளி விழாதான் பிப்ரவரியிலயே முடிஞ்சிபோச்சே. மந்திரி வந்தாரு, பேசுனாரு, போனாரு. இன்னும் எந்த வளைவுக்கு சார் இந்தப் புலி?"

ஒரு பூ வந்து டீ கிளாஸுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஹெர்பர்டின் காதுகள் சிவந்துவிட்டன.

அவன் சொன்னது சரிதான். பிப்ரவரியில் விழா முடிந்தது. அன்றைக்கு வளைவே வைக்கவில்லை. வாசலில் இரண்டு வாழைமரம் கட்டியதோடு சரி. கமிட்டியையும் கலைத்தாயிற்று. அடுத்த சனிக்கிழமை, பழக்கத்தில் வந்துவிட்டவள் போல யூனிஸ் வந்தாள். மரத்தடியில் மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டிருந்தன. "அந்த வளைவைப் பத்திக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு" என்றார் ஹெர்பர்ட். "ஆமா, இருக்கு" என்று அவளும் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

ஆபீஸ் முழுவதையும் அதட்டி வேலை வாங்குகிறவர் இப்போது புலிப் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்.

யூனிஸ் அவரைப் பார்த்தாள். அவள் மனம் சட்டென்று லேசாகிவிட்டது. பெரம்பூருக்குப் போகப் போவதில்லை என்று அந்த நொடியில் அவளுக்கே தெரிந்தது. ஒரு கிளாஸை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அது முடிஞ்சுது சின்னப்பா" என்றாள். "இது எங்க விழா."

ஹெர்பர்ட் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.