வெள்ளைக் கை

பழமலையின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளையாக இருந்தன. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் என்று கேட்டார் மளிகைக்கடை ஜெயராஜ்.

கடையின் கதவுப் பலகைகள் பிளந்து கிடந்தன. அரிசி கண்ணில் படாமல் போன வருஷம் அது. ஊரே மைதாவை வைத்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதையும் ஜெயராஜ் பதுக்கி வைத்து ஏறின விலைக்கு விற்கிறார் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. மத்தியானம் கூட்டம் சேர்ந்தது, கல் பறந்தது. பின்கட்டை உடைத்து, மூட்டைகளைக் கிழித்து, மடியிலும் துண்டிலும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் வந்தபோது தெருவில் வெள்ளைக் கால்தடங்கள்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து, ஓமத்தண்ணி பாட்டிலோடு கடைவீதியில் வந்து மாட்டினான் பழமலை. மகளுக்குக் கொஞ்ச நாளாக வயிற்றுவலி. வேலை விட்டதும் கையைக்கூடக் கழுவாமல் மருந்துக்கு ஓடி வந்திருந்தான்.

"ஐயா, நான் பீங்கான் பட்டறைல மூட்டை தூக்கறவன். இது மாவு இல்லீங்க, பீங்கான் செய்யற வெள்ளை மண்ணு."

"புடிபட்டவன் வேற எப்படிச் சொல்லுவான்?" என்றார் ஜெயராஜ். "ஏட்டய்யா, சரக்கு பின்கட்டுல இருக்குதுன்னு வெளியாளுக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும். சுவத்துக்கு வெள்ளை பூச மண்ணு கேட்டிருந்தேன், இவன்தான் வண்டில கொண்டாந்து இறக்கினான். இன்னிக்குக் கூட்டத்துக்கு வழி காட்டிட்டான்."

பழமலை பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டான். கேஸ் என்று ஆனால் பட்டறையில் சீட்டுக் கிழியும். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு மருந்து ஏது, கஞ்சி ஏது.

ஏட்டு அமீனுதீன் அவசரப்படவில்லை. "இந்த ஊர்ல வெள்ளைக் கையைப் பாத்துப் புடிச்சா பாதி ஊரை லாரில ஏத்தணும் முதலாளி" என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

எதிரே டீக்கடை அடுப்பில் ஒரு இரும்புச் சட்டியை வைக்கச் சொன்னார். மாவாக இருந்தால் சிவக்கும், வாசனை வரும். மண் அப்படியே கிடக்கும். "இவன் கைல இருக்கறதைச் சுரண்டி ஒரு பக்கம் போடறேன். நீங்க உங்க கிழிஞ்ச மூட்டைல மிச்சம் கெடக்கறதுல ஒரு புடி எடுத்துக் குடுங்க. பக்கத்துல பக்கத்துல வறுத்துப் பாத்துடலாம்."

பழமலை தானாகவே கையை நீட்டினான். ஜெயராஜ் மட்டும் வாசற்படியிலேயே நின்றார். சட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அவர் குரல் சட்டென்று இளகிவிட்டது.

"விடுங்க ஏட்டய்யா. புள்ளகுட்டிக்காரன். போனது போவட்டும், எனக்குக் கேஸே வேணாம்."

பழமலை குனிந்து அவர் காலைத் தொட்டான். அவர் பாதத்தில் அவன் விரல்கள் வெள்ளையாகப் பதிந்தன.

வீடு வரும் வழியெல்லாம் அந்தப் பெரிய மனசைத்தான் நினைத்துக்கொண்டு வந்தான். அவன் தெருவில் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. ஆனால் ஒரு வீட்டிலிருந்தும் ரொட்டி வாசனை வரவில்லை. பெண்கள் வாசலில் கூடிக் கூடிப் பேசினார்கள், இவனைக் கண்டதும் நிறுத்தினார்கள். திருட்டு முழி என்று நினைத்துக் காறித் துப்பிவிட்டு நடந்தான்.

உள்ளே அடுப்பின் முன்னால் அவன் மனைவி நீலாவதி உட்கார்ந்திருந்தாள். அவள் புடவை மடி முழுக்க வெள்ளை.

"நீயும் போனியா?"

தெருவே திரண்டு போச்சு, பிள்ளை பசியில் அழுவதை எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது என்றாள் அவள். பழமலைக்குத் தலைக்கு ஏறியது. தெருவே போனால் நீயும் போவாயா, அவனவன் கை செய்ததற்கு அவனவன்தான் பதில் சொல்லணும் என்று கத்தினான். வறுமை என்றால் அடுத்தவன் சொத்தில் கை வைக்கலாமா என்று கேட்டான். "என்னை மன்னிச்சு விட்ட மனுசன் அவரு. அவரு வூட்டுச் சொத்தையா அள்ளிட்டு வந்த? எல்லாத்தையும் கட்டு. கொண்டுபோயி அவரு கால்ல வச்சிட்டு வரேன்."

நீலாவதி தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி அவன் முன்னால் வைத்தாள்.

அடியில் தீ அப்படி எரிந்தும், கல்லில் தட்டிப் போட்ட ரொட்டியில் ஒரு பொட்டுக்கூடச் சிவக்கவில்லை. வெள்ளை வெளேரென்று, ஓரம் வெடித்துக் கிடந்தது. அவள் நகத்தால் சுண்டினாள். சூளைக்குப் போகிற தட்டு மாதிரி 'டக்'கென்றது. தொட்டுப் பார்க்காமலே பழமலைக்குத் தெரிந்துவிட்டது.

"பின்கட்டு மூட்டை பூரா இதுதான் இருந்திருக்குது. இதைக் கலந்துதான் நமக்கெல்லாம் இத்தினி நாளா மாவுன்னு வித்திருக்கான்" என்றாள்.

மூலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது குழந்தை. அவன் ஓமத்தண்ணி பாட்டிலை இன்னும் கீழே வைக்கவில்லை.

"பாப்பா வயித்துல கெடக்கறது, நீங்க இறக்குன மண்ணுங்க."