சூடேறாத இன்ஜின்

வீரெமுவின் கார் ஆயில் மூடியை மெக்கானிக் கிர்ஸ்டி திறந்தபோதே டூகல் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். அடுத்தது அவருடைய கார்.

பந்தயத்துக்கு வசந்த காலத்தில்தான் நாள் குறித்திருந்தார்கள். ஜூலை என்றால் அந்தத் தென்கோடி நாட்டில் நடுக்குளிர்காலம்; உறைபனி இன்னும் விலகாத இந்தச் சனிக்கிழமை காலையில், வீரெமு வாசலில் வந்து ஹாரன் அடித்து, "யோவ், இன்னைக்கே பாத்துடலாம் வாய்யா" என்று அவரைக் காரோடு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்துவிட்டார்.

வின்டன் ஊரில் இந்தப் பந்தயத்தை அறியாதவர் கிடையாது.

ஒரே மாதத்தில், ஒரே மாதிரி இரண்டு கார் வாங்கிய இரண்டு நண்பர்கள். வீரெமு ஊற்றுவது சாதா ஆயில். டூகல் ஊற்றுவது செயற்கையாகத் தயாரித்த, விலை கூடிய சிந்தெட்டிக். எட்டு வருடம் ஓட்டிய பிறகு எந்த இன்ஜின் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று கிர்ஸ்டி பார்த்துச் சொல்ல வேண்டும். தோற்றவர் கிளப்பில் நாற்காலிமேல் ஏறி நின்று, 'என் ஆயில் மட்டம்' என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எட்டு வருடமும் டூகல் சும்மா இருக்கவில்லை. பால் டேங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவர், கேட்க ஒரு காது கிடைத்தால் விடமாட்டார். குளிரில் சாதா ஆயில் கெட்டியாகிவிடும், ஸ்டார்ட் செய்த உடனே இரும்பும் இரும்பும் உரசும், தேய்மானம் முழுக்க அங்கேதான், சிந்தெட்டிக் என்றால் சாவியைத் திருப்பியதும் மேலே ஏறிவிடும் என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாண வீட்டில் பேசினார். எழவு வீட்டில், சவ வண்டி ஓட்டி வந்தவரையே ஓரமாக அழைத்துப் பேசினார்.

கிர்ஸ்டி டார்ச் அடித்துப் பார்த்தாள். வீரெமுவின் இன்ஜின் உள்ளே கொஞ்சம் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். பண்ணை பண்ணையாகத் தபால் கொண்டுபோகிற கார், தினமும் நெடுந்தூரம் ஓடுகிறது.

"வயசுக்கு நல்லாவே இருக்கு" என்றாள். "வண்டியச் சொன்னேன்."

பிறகு டூகலின் மூடியைத் திருகினாள்.

மூடியின் அடியில் வெண்ணெய் போல வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தாள். தண்ணீரும் ஆயிலும் கலந்து நுரைத்த பசை.

வீரெமு எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இதானாய்யா உன் ஒசத்தி ஆயிலு? ரொட்டில தடவித் திங்கலாம் போலிருக்கே!"

கிர்ஸ்டி ரேடியேட்டரையும் திறந்து பார்த்தாள். தண்ணீர் குறையவில்லை; அப்படியானால் அங்கிருந்து ஆயிலுக்குள் கசியவில்லை.

"இது ஆயில் குத்தமில்ல. குளிர்ல எடுத்து, இன்ஜின் சூடேறுறதுக்குள்ள நிறுத்திட்டா, உள்ள ஈரம் தங்கி இப்படி ஆகும். தெருமுனைக்குப் போயிட்டு வர்ற வண்டிக்குத்தான் இது வரும். நீங்க வாராவாரம் மானபூரி ஏரிக்கில்ல மீன் பிடிக்கப் போறீங்க, பெரியவரே?"

மானபூரி ஒன்றரை மணி நேர ஓட்டம். அவ்வளவு தூரம் போய்வரும் இன்ஜினில் ஈரம் நிற்காது. டேங்கர் ஓட்டியவருக்கு இது தெரியாதா?

இலையுதிர் காலத்துக்குப் பிறகு டூகல் அந்த ஏரியைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை.

தூண்டிலைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு எல்லோரும் பார்க்கக் கிளம்புவார். ஊர்க்கோடியில் ஹூயாவின் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் காரை மறைத்து நிறுத்துவார். மூன்று நிமிடம் கூட ஆகாது. சாயங்காலம் வரை அவள் சுட்டுத் தரும் சீஸ் ரோலைத் தின்றுகொண்டு, அவளோடு சீட்டாடித் தோற்றுக்கொண்டிருப்பார். மீன் எங்கே என்று கேட்பவர்களிடம், பாவம் பார்த்துத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன் என்பார்.

ஹூயா கணவனை இழந்து மூன்று வருடமாகிறது. டூகல் மனைவியை இழந்து அதைவிட அதிகம். இந்த வயதில் இத்தனை சந்தோஷம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஊரில் வேறு யாருக்குத் தெரிந்தாலும் கேலியோடு போய்விடும். வீரெமுவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவர் ஹூயாவின் தம்பி; வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் தட்டமாட்டாள். சனிக்கிழமைகள் அதோடு சரி.

ஆயிலைக் காப்பாற்றினால் டூகல் மாட்டிக்கொள்வார்.

டூகல் கிர்ஸ்டியின் பக்கம் திரும்பினார். "ஆயில்தான் மட்டம்" என்றார்.

கிர்ஸ்டிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "என்னது?"

"சிந்தெட்டிக் எல்லாம் சும்மா பேச்சும்மா. சாதா ஆயிலே போதும். கிளப்புல நாக்காலி மேல ஏறிச் சொல்லிடறேன். நீ மூடியப் போடு."

சொல்லி முடித்ததும் அவருக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது. எட்டு வருடமாகக் கட்டிக் காத்த மானம்.

வீரெமு குதிப்பார் என்று எதிர்பார்த்தார். வீரெமு குதிக்கவில்லை, சிரிக்கக் கூட இல்லை. கிர்ஸ்டியின் கையிலிருந்து மூடியை வாங்கி, பழந்துணியால் நிதானமாகத் துடைத்து, தானே திருகி மூடினார்.

"ஆயிலையே விட்டுக்குடுத்துட்டியேய்யா" என்றார் மெதுவாக.

டூகல் கிளம்புவதற்குக் கார் சாவியை எடுத்தார்.

வீரெமு அவர் தோளில் கை வைத்தார். "இனிமே அவ்ளோ கிட்டத்துக்குக் கார எடுக்காதீங்க. பகல்ல, பெரிய தெரு வழியா, நடந்தே வரணுமாம். நாலு பேரு பாக்கட்டும்னு அக்கா சொல்லச் சொல்லுச்சு, மாமா."