போட்டியில்லாத தலைவர்

அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் சபைக்குத் தலைவர் தேர்தல். கூட்டம் தொடங்கிய பிறகுதான் ஞானரத்தினம் வாத்தியார் வந்து வாசலிலேயே நின்றார்.

“உள்ள வாங்க சார்வாள், உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டிருக்கோம்,” என்றார் கணக்கு வாத்தியார் சேக் முகைதீன்.

ஞானரத்தினம் வாயைத் திறந்தார். அதற்குள் முகைதீன் மற்றவர்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

“எம்புட்டு அடக்கம் பாருங்க! பத்து வருசமா ஆசைப்பட்ட பதவியில்லா?”

எதிர்த்து நின்ற வேதசிரோமணியும் மனமிரங்கி எழுந்தார். “நான் விலகிக்கிடுதேன். அவியளே இருக்கட்டும்.”

ஞானரத்தினத்தைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கைதட்டல் அவருக்கு எங்கோ தூரத்தில் கேட்டது.

“தலைவர் ரெண்டு வார்த்தை பேசணும்,” என்றார் முகைதீன்.

ஞானரத்தினம் எழுந்தார்.

“விடியக்காலம் எம் சம்சாரம் தவறிப்போயிட்டா. பெட்டி தூக்க நாலு பேர் வேணும்னு கேக்க வந்தேன்,” என்றார்.