ஆறு பெட்டித் தேனீ

காலை ஒன்பதே காலுக்கு வரி அலுவலக வண்டி லொரேன் வீட்டு வாசலில் வந்து நின்றது.

டெக்சாஸில் ஐந்து வருடம் விடாமல் தேனீ வளர்த்தால் நிலத்துக்கு விவசாய வரிதான், சொற்பம். லொரேனுக்கு இது ஐந்தாவது வருடம். இன்று வரி அதிகாரி டெல்பர்ட் கையெழுத்துப் போடாவிட்டால், முழு வரி கட்ட முடியாமல் ஆறு ஏக்கரையும் விற்க வேண்டியதுதான்.

"வாங்க டெல்பர்ட், கொலாச்சி பன் சூடா இருக்கு."

"முதல்ல தேனீ, மேடம். அப்புறம் லஞ்சம்."

அவர் வேலியைத் தாண்டப் போனார். லொரேன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கிட்டப் போகாதீங்க! நேத்து பேஞ்ச மழையில எல்லாம் கடுப்புல இருக்கு."

"அதான் ஒண்ணைக்கூட வெளியே காணோமா?"

"காதைக் கொடுத்துக் கேளுங்க."

வெள்ளைப் பெட்டிகளிலிருந்து ரீங்காரம் கணீரென்று வந்தது.

"அடேங்கப்பா! ஏகப்பட்டது இருக்கும்போலயே!"

"போன வருஷத்தைவிட ஜாஸ்தி."

'ஆறு பெட்டி, நல்ல நிலை' என்று டெல்பர்ட் எழுதினார். லொரேனுக்கு மூச்சு வந்தது.

"கையெழுத்துப் போடறேன். உங்க செல் நம்பர்?"

மளமளவென்று சொன்னாள்.

"சரியான்னு ஒரு தடவை அடிச்சுப் பாத்துடறேன். பாதிப் பேர் தப்பாத்தான் சொல்றாங்க."

ரீங்காரம் சட்டென்று நின்றது. மூன்றாவது பெட்டிக்குள், அதுவரை ரீங்காரம் பாடிக்கொண்டிருந்த லொரேனின் செல்போனில் மணி அடித்தது. தேனீக்கள் ஆறு பெட்டியையும் காலி செய்துவிட்டுப் போய்ப் பத்து நாளாகியிருந்தது.

டெல்பர்ட் பேனாவை மூடினார்.

"ராணித் தேனீ எடுக்குமா, இல்ல நீங்க போய் எடுக்கறீங்களா, மேடம்?"